கடன் பதிவே இல்லாத புது மருமகளுக்கு போன் லைன் எப்படிக் கிடைக்கும்?

கேள்வி: நான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண். கல்யாணமாகி சுங்கை சிப்புட் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கணவர் செம்பனை ஆலையில் லாரி ஓட்டுகிறார். டவுனிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் தோட்டத்து வீட்டில் மாமியாரோடு இருக்கிறோம். கைக்குழந்தை இருக்கிறது. ஊரிலிருந்து கொண்டுவந்த என் போனில் சார்ஜ் நிற்பதே இல்லை. டவுனில் ஒரு கடையில் மாதாமாதம் கட்டும் ஒப்பந்தத்தில் லைனும் போனும் சேர்த்துக் கேட்டோம். என் கடப்பிதழ் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இவங்க பேர்ல ஒண்ணுமே இல்லை, கம்பெனி ஏத்துக்காது" என்றார்கள். கணவர் பெயரில் எடுக்கலாமென்றால் அவருக்குப் பழைய பாக்கி இருக்கிறது. கூட்டாளி ஒருவருக்காகத் தன் ஐசியை (அடையாள அட்டையை) கொடுத்து எடுத்த லைனாம். இப்போது நாத்தனார் பெயரில் எடுத்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னொரு கடையில், "சீடோஸ் எல்லாம் பாக்க மாட்டோம், கடப்பிதழை மட்டும் இங்க விட்டுட்டுப் போங்க" என்கிறார்கள். எனக்கு இந்த நாட்டில் ஒரு காசு கடன் கிடையாது. கடன் வாங்காதது ஒரு குற்றமா? டெபாசிட் கட்டினால் அது திரும்ப வருமா?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

கடன் வாங்காதது குற்றமே இல்லை. கடைக்காரர் "ஒண்ணுமே இல்லை" என்று சொன்னதில் உங்களைப் பற்றிய குறை எதுவும் கிடையாது. உங்களைப் பற்றிய தகவல் அவர்களிடம் இல்லை, அவ்வளவுதான். உங்கள் கணவர் கதை வேறு. அவர் பெயரில் பதிவு இருக்கிறது, அதில் பாக்கியும் இருக்கிறது. உங்களுடையது காலப்போக்கில் தானாகவே நிரம்பும். அவருடையதை உட்கார்ந்து தீர்க்க வேண்டும். இரண்டையும் சொல்கிறேன்.

உங்கள் மாமியாரைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் தோட்டத்து மளிகைக் கடையில் ஒரு நோட்டு இருக்கும். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் பற்று எழுதி வாங்குவார்கள். சம்பளம் போட்டதும் கணக்குத் தீர்ப்பார்கள். இன்னார் வீடு என்று தெரிந்தால்தான் கடைக்காரர் நோட்டில் பெயர் எழுதுவார். நேற்றுக் குடிவந்தவருக்கு இன்று பற்று கிடைக்காது. அவர் ஏமாற்றுவார் என்று யாரும் முடிவு கட்டுவதில்லை, ஆளைத் தெரியாது என்பதுதான் காரணம். டவுன் கடைக் கம்ப்யூட்டரும் உங்களுக்கு அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறது.

இந்த நாட்டில் அந்த நோட்டு இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று பேங்க் நெகாரா நடத்தும் சிசிஆர்ஐஎஸ். 2001ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. வங்கிக் கடன், கார் கடன், வீட்டுக் கடன், கிரெடிட் கார்டு போன்றவற்றில் கடந்த 12 மாதங்களில் எந்த மாதம் கட்டினீர்கள், எந்த மாதம் தவறினீர்கள் என்பது அதில் வரிசையாகத் தெரியும். இன்னொன்று தனியார் நிறுவனங்கள் வைத்திருக்கும் பதிவு. எல்லார் வாயிலும் அடிபடும் சீடோஸ் அந்த வகை. இவர்களைக் கட்டுப்படுத்த 2010ஆம் ஆண்டில் கடன் அறிக்கை முகவர் சட்டம் வந்தது. உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டு வாங்கவும், தப்பு இருந்தால் திருத்தச் சொல்லவும் அந்தச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. "சீடோஸ்ல பேர் அடிச்சிட்டாங்க" என்று நம் மக்கள் பயந்து பேசுவார்கள். சீடோஸும் சரி, பேங்க் நெகாராவும் சரி, யாருக்கும் கடன் கொடுக்காதே என்று சொல்வதில்லை. பதிவைக் காட்டுவதோடு அவர்கள் வேலை முடிந்தது. கொடுப்பதா வேண்டாமா என்பது கம்பெனியின் முடிவு. அதனால்தான் ஒரு கம்பெனி மறுத்ததை இன்னொரு கம்பெனி டெபாசிட் வாங்கிக்கொண்டு கொடுக்கும்.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேளுங்கள், ஏனென்றால் கடைகளில் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள். "லைன் எடுத்து ஒழுங்கா கட்டுங்க, பேர் ஏறும், அப்புறம் பேங்க்ல லோன் ஈசியா கிடைக்கும்" என்பார்கள். போன் பில் வங்கிக் கடன் இல்லை. நீங்கள் மாதாமாதம் ஒழுங்காகக் கட்டினால் அது சிசிஆர்ஐஎஸ்ஸில் ஏறாது. ஆனால் கட்டாமல் விட்டால், பாக்கி வசூல் நிறுவனத்துக்குப் போகலாம், சீடோஸ் அறிக்கையிலும் வந்து நிற்கலாம். நல்லது செய்தால் கண்ணுக்குத் தெரியாது, தவறினால் மட்டும் தெரியும். ஆகவே பெயர் எடுப்பதற்காக என்று சொல்லி யாரும் உங்களைப் போன் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைக்கக் கூடாது. உங்களுக்கு லைன் தேவை, அதனால் லைன் எடுக்கிறீர்கள். காரணம் அதோடு போதும்.

நீங்கள் கடையில் கேட்டது உண்மையில் இரண்டு பொருள். ஒன்று லைன். இன்னொன்று, போனுக்கான கடன். இரண்டையும் ஒன்றாகக் கட்டித்தான் "இன்னைக்குக் காசு வேணாம், போனை எடுத்துட்டுப் போங்க" என்கிறார்கள். மறுப்பு வந்தது போனுக்கான கடனுக்கு. லைன் மட்டும் கேட்டிருந்தால் கதையே வேறு. ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள் என்பதுதான் என் முதல் யோசனை. லைனை இந்த வாரமே உங்கள் பெயரில் எடுங்கள். போனைக் கைக்காசில் வாங்குங்கள்.

கைக்காசு இல்லாமல்தானே தவணை கேட்டோம் என்று உங்களுக்குத் தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பேச்சுக்கு, போனோடு சேர்த்து மாதம் 98 வெள்ளி, 24 மாத ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,352 வெள்ளி. போஸ்ட்பெய்ட் கட்டணத்துக்கு 6 விழுக்காடு சேவை வரியும் உண்டு. இதற்குப் பதில் 800 வெள்ளியில் ஒரு போனை வாங்கி, மாதம் 35 வெள்ளிக்கு ப்ரீபெய்ட் போட்டால், அதே 24 மாதத்துக்கு 1,640 வெள்ளி. இந்த எண்கள் நான் வைத்தவை. நீங்கள் உங்கள் கடையில் சொன்ன எண்களைப் போட்டு இதே கணக்கைத் தாளில் எழுதுங்கள். சில சமயம் ஒப்பந்தம்தான் மலிவாக வரும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் விலை உயர்ந்த போனுக்குத்தான் பெரும்பாலும் அப்படி வரும். அம்மாவிடம் வீடியோவில் பேச, புலனம் பார்க்க, குழந்தையின் கிளினிக் தேதியை அரசாங்கத்தின் மைசெஜாத்ரா சுகாதாரச் செயலியில் பார்க்க அவ்வளவு பெரிய போன் வேண்டியதில்லை.

அதற்கும் முன்னால், சார்ஜ் நிற்காத போனுக்குப் பேட்டரி மாற்றினாலே போதுமா என்று கேட்டுப் பாருங்கள். பேட்டரி ஊதிப் பின்மூடி தூக்கியிருந்தால் மட்டும் அதைக் குழந்தை பக்கம் வைக்காதீர்கள், உடனே மாற்றுங்கள். ஊரிலிருந்து வந்த போனில் இன்னொரு சிக்கலும் வரலாம். மலேசியாவில் 3ஜி சேவையை 2021 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். இப்போது பேச்சு 4ஜி வழியாகப் போக வேண்டும். சில வெளிநாட்டு போன்களில் இங்குள்ள லைனுக்கு அந்த வசதி வேலை செய்யாது. இன்டர்நெட் ஓடும், ஆனால் அழைப்பு வந்ததும் பழைய 2ஜிக்கு இறங்கிவிடும். உங்கள் போன் அப்படி நடந்துகொண்டால் பேட்டரிக்குச் செலவு செய்ய வேண்டாம்.

புதிதாக வாங்கினால் மலேசியா செட்டா, ஏபி செட்டா என்று கேளுங்கள். இறக்குமதியாக வரும் ஏபி செட் விலை குறைவு, உத்தரவாதம் கடைக்காரர் கையில். பழைய போன் வாங்கினால் *#06# தட்டி வரும் எண்ணும் பெட்டியிலுள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். முந்தையவரின் கூகுள் கணக்கு முழுக்க வெளியேறிவிட்டதா என்று கடையிலேயே ரீசெட் செய்து காட்டச் சொல்லுங்கள். ரசீது இல்லாமல் வாங்காதீர்கள். போனில் குறை வந்து கடைக்காரர் கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிப்பார்கள், மனு கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டியதில்லை. ரசீதுதான் அங்கே உங்கள் சாட்சி.

இப்போது லைன். தோட்டத்தில் இருப்பவர்கள் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் முறையே வேறாக இருக்க வேண்டும். டவுனில் கடை வாசலில் நின்றால் எல்லாக் கம்பெனிக்கும் நாலு கோடும் தெரியும். உங்கள் வீடு செம்பனைக்குள் இருக்கிறது. தகரக் கூரை வேறு. டவுனில் இருப்பது அங்கே இருக்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு வீட்டில் சிக்னல் இல்லை என்றால், 24 மாதமும் வாசலில் நின்று பேசிக்கொண்டே பில் கட்ட வேண்டியதுதான். பாதியில் முறித்தால் அபராதம். சிக்னல் கிடைக்காத லைனுக்குப் பணம் கட்டும் தோட்டத்துக் குடும்பங்கள் கொஞ்சநஞ்சம் இல்லை.

ஆகவே முதலில் பரிசோதனை. பக்கத்து வீடுகளில் யார் எந்த லைன் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நன்றாக வருகிறது என்று சொல்லும் ஒன்றிரண்டு கம்பெனிகளின் மலிவான ப்ரீபெய்ட் சிம்மை வாங்கிப் போட்டுப் பாருங்கள். பகல் 11 மணிக்குப் பார்த்தால் போதாது. எல்லாரும் வேலை முடிந்து வந்து வீடியோ பார்க்கும் இரவு எட்டரை, ஒன்பது மணிக்குப் பாருங்கள். கூடத்தில், குழந்தை தூங்கும் அறையில், பின்கட்டு அடுப்படியில் என்று தனித்தனியாகப் பாருங்கள். அம்மாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, பேசிக்கொண்டே வீட்டுக்குள் நடந்து பாருங்கள். மழை கொட்டும்போதும் ஒருமுறை பாருங்கள். எங்கே முகம் உறைந்து நிற்கிறதோ அந்தக் கம்பெனி உங்கள் வீட்டுக்கு ஆகாது, விளம்பரம் என்ன சொன்னாலும் சரி.

ப்ரீபெய்ட் சிம்முக்குக் கடன் பதிவு யாரும் பார்ப்பதில்லை. உங்கள் கடப்பிதழும், இந்த நாட்டில் தங்க அனுமதிக்கும் செல்லுபடியான பாஸும் போதும். 2006ஆம் ஆண்டிலிருந்தே இங்கு ப்ரீபெய்ட் எண்களை உரியவர் பெயரில் பதிவு செய்வது கட்டாயம். அந்தப் பதிவு உங்கள் பெயரில்தான் நடக்க வேண்டும். "ஏற்கெனவே ரிஜிஸ்டர் பண்ணது, போட்டதும் ஓடும்" என்று பசார் மாலாம் இரவுச் சந்தையில் ஒரு சிம் கிடைத்தாலும் வாங்காதீர்கள். அது வேறு யாருடைய பெயரிலோ இருக்கும் எண். நாளை சிம் தொலைந்தால் மாற்றுச் சிம் உங்களுக்குக் கிடைக்காது, பெயருக்குரியவர்தான் கடப்பிதழோ ஐசியோ கொண்டு போக வேண்டும். வங்கிக் கணக்கு, கிளினிக், குழந்தையின் நர்சரி என எல்லா இடத்திலும் அந்த எண்ணைக் கொடுத்திருப்பீர்கள். எண் போனால் எல்லாம் தடுமாறும்.

சொந்தப் பெயரில் எடுப்பதில் இன்னொரு நன்மை, பின்னால் தெரியும். எண்ணை மாற்றாமலே கம்பெனி மாறும் வசதி இங்கு 2008ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. ப்ரீபெய்ட்டிலிருந்து போஸ்ட்பெய்ட்டுக்கும் அதே எண்ணோடு போகலாம். இரண்டு பக்கமும் பதிவில் உள்ள ஆள் ஒருவராக இருந்தால் வேலை சுலபம்.

நீங்கள் வெளிநாட்டவர் என்பதால் ஒரு தனிக் கவனம் வேண்டும். நம் நாட்டவருக்கு ஐசி எண் ஆயுசுக்கும் ஒன்றே. இந்தியக் கடப்பிதழைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். பழைய எண்ணில் எடுத்த லைனும் வங்கிக் கணக்கும் புது எண்ணோடு தானாகச் சேராது. கடப்பிதழ் புதுப்பித்த வாரமே பழையது, புதியது இரண்டையும் எடுத்துக்கொண்டு கம்பெனிக்கும் வங்கிக்கும் போய் மாற்றிவிடுங்கள். பாஸ் நீட்டித்தாலும் அப்படியே. இதைத் தள்ளிப்போட்டால், பின்னால் உங்கள் பதிவு இரண்டு ஆள்போல் பிரிந்து கிடக்கும். ஒன்றுமே இல்லாதவர் என்று மறுபடியும் ஒரு கடையில் கேட்க நேரும்.

இனி நாத்தனார் விஷயம். இதில்தான் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எடுக்காதீர்கள். அவர் மனமார ஒத்துக்கொண்டாலும் எடுக்காதீர்கள். உங்கள் கணவர் இன்று எதனால் மாட்டிக்கொண்டு நிற்கிறார் என்று யோசியுங்கள். கூட்டாளிக்கு ஐசி கொடுத்தார். கூட்டாளி பேசினார், பில் கட்டவில்லை, பாக்கி இவர் பெயரில் நிற்கிறது. கம்பெனிக்கு அந்தக் கூட்டாளி யாரென்றே தெரியாது. கையெழுத்து யாருடையதோ கடன் அவருடையது. இப்போது அதே காரியத்தை, இந்த முறை தன் தங்கையின் பெயரில், செய்யச் சொல்கிறார். நீங்கள் ஒழுங்காகக் கட்டுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு மாதம் குழந்தைக்குக் காய்ச்சல் வரும், கணவரின் லாரி ஒர்க்‌ஷாப்பில் நிற்கும், ஓவர்டைம் குறையும். பில் தள்ளிப்போகும். பாக்கி அறிவிப்பு நாத்தனார் வீட்டுக்குப் போகும். அவர் நாளை கார் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ விண்ணப்பித்திருப்பார். அந்த வீட்டில் அன்றைக்கு நடக்கும் பேச்சு, போன் தொகையோடு நிற்காது. புகுந்த வீட்டில் ஒன்றரை வருஷம் ஆன மருமகளுக்கு அந்தப் பேச்சு எவ்வளவு கனம் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

நாத்தனார் நிலையையும் பாருங்கள். அண்ணன் கேட்டால் தங்கையால் முடியாது என்று சொல்ல முடியுமா? நம் தோட்டத்துக் குடும்பங்களில் பெண்கள் பெயரில் எடுக்கப்பட்ட மோட்டார் சைக்கிள், அவர்கள் உட்கார்ந்தே பார்க்காத மோட்டார் சைக்கிள், எத்தனையோ இருக்கிறது. கட்டாமல் விட்டவர் வேறு, சம்மன் வந்து நிற்பது அவர்கள் வாசலில். ஒருவர் பெயரை இரவல் வாங்குவதை உதவி என்று சொல்லி நாம் பழகிவிட்டோம். அந்தப் பழக்கம் உங்கள் வீட்டோடு நிற்கட்டும். கணவரிடம் இதைச் சொல்ல உங்களுக்குத் தயக்கமாக இருந்தால், இந்தப் பத்தியை அவரிடம் படிக்கக் கொடுங்கள்.

உங்களிடமும் ஒருவர் கேட்பார், கட்டாயம் கேட்பார். "அக்கா, உங்க கடப்பிதழ்ல ஒரு சிம் எடுத்துக் கொடுங்க, ஐம்பது வெள்ளி தர்றேன்" என்று. ஒருவர் பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட ப்ரீபெய்ட் எண்களைப் பதிவு செய்ய முடியும். மோசடிக் கும்பல்களுக்கு வேண்டியது அதுதான். அந்த எண்ணிலிருந்து யாரையாவது ஏமாற்றினால் போலீஸ் தேடி வருவது உங்களை. பாஸில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அது சாதாரண விஷயமில்லை. உங்கள் பெயரில் எத்தனை எண்கள் இருக்கின்றன என்று கம்பெனிகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். தெரியாத எண் இருந்தால் உடனே ரத்து செய்யச் சொல்லுங்கள். மோசடிக்காரர்களிடம் பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 997 எண்ணுக்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண் அது, 2022 அக்டோபரிலிருந்து இயங்குகிறது.

கடப்பிதழை விட்டுவிட்டுப் போகச் சொன்ன கடைக்கு இனி போகவே போகாதீர்கள். ஒருவருடைய கடப்பிதழை அடுத்தவர் பிடித்து வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ் சட்டப்படி குற்றம். கடைக்காரரானாலும் முதலாளியானாலும் வட்டிக்குக் கொடுப்பவரானாலும் அதே சட்டம்தான். கடன் பதிவு பார்க்காமல் போன் கொடுக்கிறார் என்றால், அவருக்கு வேறொரு பிடி வேண்டும். உங்கள் கடப்பிதழ்தான் அந்தப் பிடி. சில இடங்களில் ஏடிஎம் கார்டையும் ரகசிய எண்ணையும் கேட்பார்கள், அதையும் கொடுக்கக் கூடாது. உரிமம் பெற்ற வட்டிக்கடைக்காரருக்குக்கூட 1951ஆம் ஆண்டு சட்டம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஈடு வைத்தால் ஆண்டுக்கு 12 விழுக்காடு, ஈடு இல்லாவிட்டால் 18. மாதத்துக்கு இவ்வளவு என்று வட்டி பேசுபவரிடம் ஆண்டுக்கு எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள்.

கணவரின் பாக்கிக்கு வருகிறேன். முதலில் எவ்வளவு, எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்று தெரிய வேண்டும். பயந்துகொண்டு பார்க்காமல் இருப்பவர்கள்தான் அதிகம். பார்த்தால் பெரும்பாலும் நினைத்ததைவிடச் சின்னத் தொகையாக இருக்கும். வங்கிக் கடன் பதிவை பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ் வழியாக இலவசமாகப் பார்க்கலாம். போன் பாக்கியை நேராகக் கம்பெனிக் கிளையில், அவருடைய ஐசியோடு போய்க் கேட்க வேண்டும். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா, தவணையில் கட்டலாமா என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை, கம்பெனிக்கும் கணக்கை மூடத்தான் விருப்பம். வசூல் ஏஜென்ட் என்று யாராவது அழைத்தால் அவருடைய சொந்தக் கணக்கில் பணம் போட வேண்டாம். கம்பெனியின் கணக்கில், பில் எண்ணைக் குறித்துக் கட்டி, கணக்குத் தீர்ந்தது என்று கடிதம் வாங்கி வையுங்கள். அந்தக் கடிதம் இல்லாவிட்டால் கட்டியும் கட்டாத மாதிரிதான். சீடோஸ் அறிக்கையில் பழைய பாக்கி இன்னும் இருந்தால் அந்தக் கடிதத்தைக் காட்டித்தான் திருத்த முடியும்.

ஆறு வருஷம் போனால் கடன் செத்துப்போகும் என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்கலாம். 1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி ஒப்பந்தக் கடனுக்கு ஆறு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும் என்பது உண்மை. ஆனால் வழக்குப் போட முடியாது என்பதால் அவருக்குப் புது லைன் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் லைன் எடுக்க வேண்டுமென்றால் தீர்ப்பதுதான் வழி. வங்கிக் கடன்களும் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏகேபிகேயிடம் போகச் சொல்லுங்கள். பேங்க் நெகாரா 2006ஆம் ஆண்டில் தொடங்கிய கடன் ஆலோசனை அமைப்பு அது, ஆலோசனைக்குக் காசு வாங்குவதில்லை. உங்களுக்கு ஈப்போ கிளை பக்கம்.

ப்ரீபெய்ட்டில் கொஞ்ச நாள் ஓட்டியபின் போஸ்ட்பெய்ட் வேண்டுமென்று தோன்றினால், போன் இல்லாத, லைன் மட்டும் உள்ள திட்டமாகக் கேளுங்கள். ஏஜென்ட் கடையைவிடக் கம்பெனியின் சொந்தக் கிளைக்குப் போவது நல்லது. சுங்கை சிப்புட்டில் அது இல்லாவிட்டால் ஈப்போ வரை போங்கள், அலைச்சலுக்குப் பலன் உண்டு. கடப்பிதழ், நீண்ட நாள் பாஸ், பதிவுத் திருமணச் சான்றிதழ் மூன்றையும் கொண்டு போங்கள். உங்கள் பாஸில் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் பார்ப்பார்கள். இரண்டு மாதத்தில் முடியும் பாஸோடு போவதைவிட, குடிநுழைவு இலாகாவில் நீட்டித்த கையோடு போனால் வேலை நடக்கும். முகவரிச் சான்று உங்களுக்குத் தொல்லை கொடுக்கலாம். தோட்டத்து வீட்டில் மின்சார பில் நிர்வாகத்தின் பெயரிலோ மாமியார் பெயரிலோ இருக்கும். அதற்குத்தான் முதலில் ஒரு வங்கிக் கணக்கு திறந்துகொள்ளுங்கள் என்கிறேன். வங்கிக் கடிதத்தில் உங்கள் பெயரும் முகவரியும் சேர்ந்து வரும்.

உண்மையான கடன் பதிவுக்கு அவசரம் வேண்டாம். கணவரின் கிரெடிட் கார்டில் துணை அட்டை வாங்கினால் உங்கள் பெயர் ஏறும் என்பார்கள். அந்தக் கடன் முதன்மை அட்டைக்காரருடையது, உங்கள் பதிவாகாது. சொந்த அட்டைக்கு ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி வேண்டும். சில வங்கிகள் நிரந்தர வைப்புத்தொகையை ஈடாக வைத்துக்கொண்டு அட்டை தருகின்றன. வேலைக்குப் போய்க் கொஞ்சம் சேமிப்பு வந்த பிறகு, உங்கள் வங்கியில் உங்கள் பாஸுக்கு அது கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள். இப்போதைக்கு அந்தக் கவலையே வேண்டாம்.

டெபாசிட் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வெளிநாட்டவருக்கு போஸ்ட்பெய்ட் கொடுக்கும்போது கம்பெனிகள் டெபாசிட் கேட்பது வழக்கம். தொகை கம்பெனிக்கும் திட்டத்துக்கும் தக்கபடி மாறும். கட்டுவதற்கு முன் அது டெபாசிட்டா, முன்பணமா என்று கேளுங்கள், கடைகளில் இரண்டையும் ஒரே பேச்சாகப் பேசுவார்கள். டெபாசிட் என்றால் லைனை மூடும்போது கடைசி பில்லைக் கழித்துக்கொண்டு மிச்சத்தைத் திருப்பித் தர வேண்டும். முன்பணம் என்றால் தனியாகத் திரும்பி வராது, மாதாமாதம் பில்லில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். நடுவில் லைனை முறித்தால் கழியாத பங்கு போய்விடலாம். படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். கணவரைப் பக்கத்தில் உட்கார வைத்து எந்தக் கட்டத்தில் எந்தத் தொகை எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டபின் கையெழுத்துப் போடுங்கள். ரசீது கடையின் பெயரில் இல்லாமல் கம்பெனியின் பெயரில் இருக்க வேண்டும், உங்கள் கடப்பிதழ் எண் அதில் சரியாக இருக்க வேண்டும். அதைப் படம் பிடித்து உங்களுக்கே மின்னஞ்சல் அனுப்பி வையுங்கள். லைனை மூடும்போது பணத்தை எந்த வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். சொன்ன நாளைக் கடந்தும் வரவில்லை என்றால் முதலில் கம்பெனியில் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். அதற்கும் அசையாவிட்டால் அந்தப் புகார் எண்ணோடு தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றத்துக்கு எழுதுங்கள்.